பூசைக்குத் தேய்த்த குக்கர்

வெப்பம் எவ்வளவு வைக்க வேண்டும், காஸ்டிக் சோடா எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் கலன் அறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் வேதியியல் படித்து வந்தவர்கள். அதை என்னைவிட நன்றாகவே வாசித்துக்கொள்வீர்கள். ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறவனைத் தேடி வந்து, "புதுப் பிள்ளைகளுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்கண்ணே" என்று கேட்டால், அவன் அந்தச் சுவரில் இல்லாததைத்தான் எழுத வேண்டும். அதனால் ஒரு ஆயுத பூஜையைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ராசிங்காபுரம் போகிற ரோட்டில் நம் கொட்டகை வருவதற்கு முன்னால், நான் மலைமேல் ஏலக்காய் ஸ்டோரில் அடுப்பு பார்த்தவன். ஸ்டோர் என்றால் கடை என்று நினைத்துவிடாதீர்கள். பறித்த பச்சைக் காயைச் சூடு காட்டிக் காயவைக்கிற கட்டடம் அது. எனக்குத் தெரிந்த வேதியியல் எல்லாம் இங்கே வந்தபிறகு கேட்டுக் கேட்டுச் சேர்த்ததுதான். நமக்கு முதலாளியாக வந்தவரும் ஏலக்காய் வியாபாரக் குடும்பம். கழுவுகிற பகுதியில் இருந்த பாண்டியம்மாவும் ஏலக்காய் தரம் பிரித்தவர். ஆக, எங்கள் எல்லோருடைய மண்டைக்குள்ளும் ஏலக்காய் ஸ்டோர்தான் இருந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடந்த கூத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

எங்களில் ஏலக்காய் வாசனை படாத ஒரே ஆள் டீச்சர். அவர் பள்ளிக்கூட டீச்சர் இல்லை, நம் கொட்டகைக்கு வந்த முதல் வேதியியலாளர். எதைக் கேட்டாலும் சுண்ணாம்புக் கட்டியைத் தேடுவார், அதனால் அந்தப் பெயர். என் மகள் வயதுதான். ஜியோலைட் என்றால் என்ன என்று நான் கேட்ட முதல் நாள், "வெளிய பாத்தா கல்லு, உள்ள பூராவும் ரூமுங்கண்ணே. ஒவ்வொரு ரூமும் தண்ணிக்காகக் காத்துக்கிட்டு இருக்கு" என்றார். அதற்குமேல் ஒரு விளக்கம் எனக்கு இன்றுவரை தேவைப்படவில்லை.

சுட்ட வெள்ளைக் களிமண்ணைக் காஸ்டிக் கரைசலில் கலக்கி, மூடிய கலனில் வைத்து வேகவிட்டால் அந்தக் கல் பொடியாக விளைகிறது. கலனுக்கு முறையான பெயர் ஆட்டோகிளேவ். நாங்கள் குக்கர் என்றுதான் சொல்வோம். ஒருமுறை ஏற்றி இறக்குவதற்கு, இட்லிக்குச் சொல்வதுபோல, ஒரு ஈடு என்று பெயர். பொடியைக் கழுவி, மணி மணியாக உருட்டி, சூளையில் சுட்டு உள்ளே இருக்கும் ஈரத்தை விரட்டினால் சரக்கு தயார். அந்த வெள்ளை மணியை ஈரக் கையில் வைத்து மூடினால் சுடும். தண்ணீரைக் குடிக்கிற வேகத்தில் வருகிற சூடு அது. சுட்டால் நல்ல மணி. சுடாவிட்டால் அது வெறும் கூழாங்கல். பெரிய கருவிகள் வாங்குவதற்கு முன்னால் எங்களுக்கு அதுதான் சோதனை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருந்தவர் முத்துக்காளை அண்ணன். முந்தின மழைக்காலத்தில் ஜீப் ரோடு சரிந்து, காயவைத்த காயைக் கீழே இறக்க முடியாமல் அவர் மேலேயே மாட்டிக்கொண்டார். மலை மஞ்சின் ஈரம் மூட்டைக்குள் புகுந்தது. "மொறுமொறுன்னு இருந்த காயி நமுத்துப்போயி, அப்புறம் பூஞ்சணம் பூத்துருச்சுப்பா. மறுபடி அடுப்புல போட்டா பச்சை போயிரும். போடாட்டி காயே போயிரும். நான் என்னத்தச் செய்ய?" என்று எங்களிடம் வந்து உட்கார்ந்தார். அந்த வருஷக் காய் அப்படியே போயிற்று. அதனால் அடுத்த மழைக்கு முன்னாலேயே மூடி இறுக்கமான டிரம்கள் வாங்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் காயோடு வைக்க நம்மிடம் மணி கேட்டிருந்தார். மழை இறங்கி ரோடு மூடுவதற்குள் மணி மேலே போயாக வேண்டும். இந்த வருஷமும் காய் கெட்டால் தோட்டத்தை விட்டுவிட்டுக் கீழே வந்துவிடுவதாக அவர் வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜை முடிந்ததும் ஈடு ஏற்றலாம், நேரம் தாராளமாக இருக்கிறது என்று நாங்கள் கணக்குப் போட்டோம்.

பூஜைக்கு நம் ஊரில் ஸ்பேனர் முதல் ஜீப் வரை எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்ளும், உங்களுக்குத் தெரியும். கொட்டகையும் குளித்தது. டீச்சர் லீவில் சொந்த ஊருக்குப் போயிருந்தார். பூஜை முடிந்து பொரிகடலை தின்று, மறுநாள் சந்தனம் குங்குமத்தோடு பளபளவென்று நின்ற குக்கரில் ஈடு ஏற்றினோம். எப்போதும்போல அதே களிமண், அதே காஸ்டிக், அதே சூடு, அதே நேரம்.

ஆறவைத்துத் திறந்தால் உள்ளே கஞ்சி.

வழக்கமாகப் பொடி அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். இது படியவும் இல்லை, தெளியவும் இல்லை. முதலாளி வந்து எட்டிப்பார்த்தார்.

"என்னப்பா தங்கராசு, வடிகஞ்சி மாதிரி இருக்கு?"

"வேகலைங்க மொதலாளி."

"வேகலைன்னா சூட்டைக் கூட்டு. ஸ்டோர்ல காயி காயலைன்னா வெறகை அள்ளிப் போடுறோம்ல? அதே சோலிதான இதுவும்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டாவது ஈட்டுக்குச் சூட்டையும் கூட்டி, நேரத்தையும் நீட்டினோம். இந்தத் தடவை பொடி அருமையாகப் படிந்தது. முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஒரு கரண்டி எடுத்துச் சூளையில் காட்டி, மூடி வைத்து ஆறவிட்டு, பாண்டியம்மாவின் ஈரக் கையில் போட்டோம்.

"என்ன ஆத்தா, சுடுதா?" என்று கேட்டேன்.

"சுடவா? ஐஸு வச்ச மாதிரி இருக்குண்ணே" என்றார் பாண்டியம்மா.

அந்த நேரம் பார்த்துத்தான் டீச்சர் ஊரிலிருந்து திரும்பிவந்தார். பையைக்கூட இறக்காமல் கதையைக் கேட்டார். பொடியை விரல் நடுவில் தேய்த்துப் பார்த்தார்.

"சார், ஸ்டோர்ல நடக்குறது காயுற வேலை. இது வளர்ற வேலை. சூட்டைக் கூட்டுனா வெரசா வளராது, வேற ஒண்ணா வளர்ந்துரும். இதுவும் கல்லுதான். ஆனா ரூமெல்லாம் ரொம்பச் சின்னது, வாசலும் இறுகிப் போச்சு. தண்ணி உள்ள போகாது."

"முந்தின ஈட்டுக்கு நாங்க சூட்டைக் கூட்டலையேம்மா?" என்றேன்.

"அதான் எனக்கும் புரியல."

மீதியிருந்த களிமண் ஒரே ஒரு ஈட்டுக்குத்தான் வரும். புது லோடு வருவதற்குள் மழை வந்துவிடும். முதலாளி கையைப் பிசைந்துகொண்டு கொட்டகைக்குள் நடந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நெருக்கடி வந்தால் எல்லோர் வாயிலும் வருகிற ஒரு வார்த்தை அவர் வாயிலும் வந்தது.

"இப்ப இருக்குறதையே உருட்டி அனுப்பிட்டா என்ன? பாக்க ஒரே மாதிரி வெள்ளையாத்தான இருக்கு?"

அந்தச் சமயத்தில் என் போன் அடித்தது. முத்துக்காளை அண்ணன்.

"தங்கராசு, மேகம் எறங்கிக் கெடக்குப்பா. மணி எப்ப வருது?"

முதலாளி என் முகத்தைப் பார்த்தார். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னேன். "அண்ணே, ரெண்டு ஈடு கெட்டுப்போச்சு. ஏன்னு இன்னும் தெரியல. ஒரு ஈட்டுக்குச் சாமான் இருக்கு. பாதிக் காயை வேணா இப்பவே கீழ எறக்கிருங்க."

அவர் சொன்னார்: "காஞ்சது கொஞ்சந்தான்பா. மிச்சம் அடுப்புல கெடக்கு. ஜீப்புக்கும் ஊரே அடிச்சுக்கிட்டு நிக்குது. எதுவா இருந்தாலும் எனக்கு உள்ளதைச் சொல்லிக்கிட்டே இரு. போன தடவை மாதிரி மூட்டையைத் திறந்து பாத்துத் தெரிஞ்சுக்க என்னால முடியாது."

போனை வைத்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே சொன்னதும் முதலாளி உட்கார்ந்துவிட்டார். "சரி விடு. போன வருஷம் ரோடு திறந்து அந்த மூட்டையை அவரு பிரிச்சப்ப நானும் பக்கத்துல நின்னேன்" என்றார். கெட்ட பொடியை அனுப்புகிற பேச்சு அதோடு முடிந்தது. பிள்ளைகளே, பொய் சொல்லாமல் இருப்பது பெரிய தர்மம் என்பதற்காக இதை எழுதவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் மறைக்கிற வேலை இல்லாமல் போகிறது, தலைப் பாரம் இறங்குகிறது. அந்தப் பாரம் இறங்கிய தலையை வைத்துத்தான் காரணத்தைத் தேட முடியும்.

தேடினோம். முதலாளி எல்லோரையும் கூட்டி நிறுத்தினார். "எவன் என்னத்தைக் கெடுத்தது? சொல்லுங்க, நான் திட்டமாட்டேன்" என்று திட்டுகிற குரலிலேயே கேட்டார். ஒன்றும் மாறவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். அது பொய்யும் இல்லை.

டீச்சர் அங்கிருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். குக்கர்மேல் இருந்த சந்தனப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், சாதாரணமாகக் கேட்டார்: "பூஜை எல்லாம் நல்லா நடந்துச்சா? நான் இல்லாம என்னென்ன பண்ணுனீங்க?"

பாண்டியம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஏன் கேக்குறீங்க டீச்சர்! ஒட்டடை அடிச்சோம், தரை கழுவுனோம், பழைய டப்பா சாக்கு எல்லாத்தையும் அள்ளி வெளிய போட்டோம். இந்தக் குக்கரு இருக்குல்ல, உள்ளாற சுவரு பூராம் வெள்ளையா பொருக்குத் தட்டிக் கெடந்துச்சு. எத்தனை வருஷத்து அழுக்கோ! சொரண்டித் தேச்சுக் கழுவி, மூஞ்சி பாக்குற மாதிரி ஆக்கிட்டேன்ல?"

டீச்சர் எழுந்துவிட்டார்.

"அந்தப் பொருக்கு பூராவுமா?"

"ஒரு பொட்டு விடல" என்றார் பாண்டியம்மா, பெருமையோடு.

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். எங்களுக்குப் பயமாகிவிட்டது. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அது அழுக்கு இல்ல பாண்டியம்மா. அதுதான் விதை. ஒவ்வொரு ஈட்டுலயும் கொஞ்சம் சுவத்துல ஒட்டிக்கிட்டு, அடுத்த ஈட்டுக்கு எப்படி வளரணும்னு வழி காட்டியிருக்கு. அது இருந்ததாலதான் நம்ம சூடும் நேரமும் சரியா இருந்துச்சு. எனக்கும் தெரியாது. நான் எழுதி ஒட்டுன செய்முறையிலயே ஒரு சாமான் விட்டுப்போயிருக்கு."

பாண்டியம்மா நெஞ்சில் கைவைத்தார். "யாத்தே! அப்ப நான் உறைமோர்ப் பானையைக் கழுவி ஊத்திட்டேனா?"

"அதேதான்."

"சாமிக்குன்னுதான டீச்சர் தேச்சேன்."

"நல்லாத்தான் தேச்சிருக்கீங்க. அந்தப் பொருக்கை எங்க போட்டீங்க? அதைச் சொல்லுங்க."

நல்ல சரக்கில் ஒரு கைப்பிடி பொடி கொட்டகையில் எங்கேயாவது இருந்தால் போதும். ஆனால் பூஜைக்கு முன்னால் எல்லாவற்றையும் உருட்டி அனுப்பியிருந்தோம், மிச்சம் மீதியைக் கூட்டித் தள்ளியிருந்தோம். டீச்சருடைய மாதிரிச் சீசாக்கள்கூட "பழைய டப்பா" கணக்கில் போயிருந்தன. பாண்டியம்மா குரல் இறங்கிப்போயிற்று.

"வெள்ளை வெளேர்னு நைசா இருந்துச்சா… தூரப் போட மனசு வரல. பல தண்ணி விட்டுக் கழுவிக் காயப்போட்டு…"

"போட்டு?"

"வாசல்ல கோலம் போட்டுட்டேன்."

டீச்சர் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். வாசலில் ஸ்கூட்டர் சக்கரமும் செருப்புக் காலும் பட்டு, தாமரைக் கோலத்தில் பாதிதான் மிச்சமிருந்தது. அதன் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, எம்.எஸ்ஸி. படித்த பெண் காகிதத் துண்டால் சுரண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, அந்த வழியாகப் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். உள்ளேயிருந்து பாண்டியம்மா மூச்சிரைக்க வந்தார்.

"மண்ணோட எதுக்குச் சொரண்டுறீங்க? தைப்பொங்கலுக்கு ஆகும்னு மிச்சத்தை டப்பாவுல எடுத்து வச்சிருக்கேன்ல!"

அந்த டப்பாப் பொடியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தோம். ஒரே அச்சில் வார்த்ததுபோலச் சின்னச் சின்னக் கட்டிகள். கற்கண்டை எறும்புக்காக உடைத்து வைத்ததுபோல என்று எனக்குத் தோன்றியது.

"கையுறை போட்டுத்தான சொரண்டுனீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"போட்டேன் போட்டேன். அதுக்கும் ஒரு பொட்டு வச்சோம்ல."

மூன்றாவது ஈட்டுக்கு முன்னால் டீச்சர் குக்கரை மறுபடி நன்றாகத் தேய்க்கச் சொன்னார். இரண்டாவது ஈட்டில் விளைந்த வேண்டாத கல் இப்போது சுவரில் ஒட்டியிருக்கும், அதுவும் விதைதான், தன் ஜாதியைத்தான் விளைவிக்கும் என்றார். பாண்டியம்மா நாரை எடுத்துக்கொண்டே, "தேச்சா ஏன் தேச்சேங்கிறீங்க, இப்ப தேய்ங்கிறீங்க. குக்கரு என்னைப் பாத்துச் சிரிக்குது" என்று முணுமுணுத்தார். தேய்த்த கலனில் களிமண்ணும் காஸ்டிக்கும் இறங்கின. அதன்மேல் டப்பாவிலிருந்து கோலப்பொடியை டீச்சர் தன் கையால் கலக்கினார். சூடு பழைய சூடு, நேரம் பழைய நேரம். மூடி இறுகியது.

இனி வருவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வேலை. சும்மா இருப்பது. வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முதலாளி குக்கரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"லேசாத் திறந்து ஒரு பார்வை பாத்துட்டு மூடிரலாமே? ஸ்டோர்ல கதவைத் திறந்து ஒரு காயை எடுத்து நசுக்கிப் பாக்கமாட்டமா?"

ஸ்டோரில் கதவைத் திறந்தால் முகத்தில் வெந்நீராவி அடிக்கும், அவ்வளவுதான். இங்கே உள்ளே அடைபட்டுக் கிடப்பது கொதிக்கும் காஸ்டிக். திறக்கிறவன் கண் போகும், ஈடும் போகும். அவரோடு வாதாட நான் விரும்பவில்லை. மூடியைக் கழற்றுகிற ஸ்பேனரை எடுத்து என் சாப்பாட்டுப் பையில் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்னப்பா, ஸ்பேனருக்குச் சோறு ஊட்டப் போறியா?" என்றார் முதலாளி.

"ஆமாங்க. அதுக்குப் பசியாற நேரமாகும்."

அவரே சிரித்துவிட்டார். பிறகு டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு எங்களோடு உட்கார்ந்தார். "அவசரம் எல்லாம் நமக்குத்தான், உள்ள இருக்குறதுக்கு இல்ல" என்றார் டீச்சர், டீயை ஊதிக்கொண்டே. அழுத்தமானியின் முள் முழுசாகக் கீழே இறங்கும்வரை பை என் மடியிலேயே இருந்தது.

திறந்தோம். அடியில் பொடி, மேலே கண்ணாடி மாதிரித் தண்ணீர். யாரும் கைதட்டவில்லை, இரண்டாவது ஈடும் பார்வைக்கு இப்படித்தானே இருந்தது. ஒரு கரண்டி சூளைக்குப் போய், ஆறி வந்தது. பாண்டியம்மா குடத்தில் கையை நனைத்து நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் பொடியைப் போட்டு, அவர் விரல்களை மடக்கிவிட்டார்.

"சொல்லுங்க ஆத்தா" என்றேன்.

பாண்டியம்மா கையை உதறினார். "யாத்தே! சுடுது, சுடுது!"

அதன் பிறகு மழைக்கும் எங்களுக்கும் ஓட்டப்பந்தயம். உருட்டுகிற தட்டில் முதலாளியே நின்றார். சூளையிலிருந்து இறங்கி ஆறிய மணியைக் காற்றுப் புகாத டப்பாக்களில் அடைக்க அடைக்க, முத்துக்காளை அண்ணன் ஜீப்போடு வந்துவிட்டார். அவர் டப்பாவை நம்பவில்லை. ஒன்றைத் திறக்கச் சொல்லி, உள்ளங்கையில் எச்சிலைத் தொட்டு வைத்து ஒரு மணியை மூடினார். முகம் விரிந்தது. "கணகணன்னு இருக்குப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். ஜீப் குரங்கணி ரோட்டில் திரும்பும்போது முதல் தூற்றல் விழுந்தது. அந்த வாரமே ரோடு சரிந்தது.

இனி இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒன்றே ஒன்றைத்தான் சொல்வேன். வேலை கெட்டுப்போகும்போது, "என்னத்தைக் கெடுத்தீங்க?" என்று கேட்காதீர்கள். யாரும் எதையும் கெடுத்திருக்கமாட்டார்கள். "என்னத்தை நல்லா செஞ்சீங்க?" என்று கேளுங்கள். சுத்தம் செய்ததையும் சீர்படுத்தியதையும் யாரும் மாற்றம் என்று நினைப்பதில்லை. அன்பாகச் செய்த காரியம் என்பதால் அது கண்ணுக்கே தெரிவதில்லை. டீச்சர் அதைத் தெரிந்து கேட்டாரா, களைப்பில் பேச்சுக்குக் கேட்டாரா என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன். "ரெண்டுந்தாண்ணே" என்பார். சுவரில் ஒட்டியிருக்கும் செய்முறையின் கடைசி வரி மட்டும் வேறு மையில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'விதைப் பொடி, ஒரு கைப்பிடி' என்ற அந்த வரி அன்றைக்கு எழுதியது.

கலன் அறை அலமாரியில் சந்தனப் பொட்டு வைத்த தகர டப்பா ஒன்று இருக்கிறது. போன வாரம் உங்களில் ஒருவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, இது ஏன் இங்கே என்று கேட்டதாகக் கேள்விப்பட்டேன். இதுதான் காரணம். வருஷா வருஷம் குக்கரைத் தாராளமாகத் தேயுங்கள், பாண்டியம்மா தேய்த்த மாதிரியே தேயுங்கள். டப்பாவை மட்டும் நிரப்பி வைத்துவிட்டுத் தேயுங்கள்.

ரோடு திறந்ததும் முத்துக்காளை அண்ணன் இறங்கிவந்தார். நேராகக் கழுவுகிற பகுதிக்குப் போய், மடியிலிருந்து ஒரு கை ஏலக்காயை எடுத்துப் பாண்டியம்மாவின் காதோரம் குலுக்கினார். நன்றாகக் காய்ந்த காய்க்குள் ஏலரிசி உருள்கிற சத்தம் உங்களுக்கும் பழகியிருக்கும். கலகலவென்று கேட்டது. பறித்த அன்றிருந்த பச்சை அப்படியே இருந்தது.

"கேக்குதா ஆத்தா? மழை பூராம் எங்க டிரம்முக்குள்ள ஒங்க கோலந்தான் இருந்துச்சு."

பாண்டியம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "காயில ஈரம் பட்டுரும், நல்லாத் துடைச்சுக்கிர்றேன், இருங்க" என்று சொல்லி, அந்தக் காயை வாங்கிக்கொண்டார்.